கேட்டுக்கு வெளியே இரண்டு ஓவர்

லூயிஸ் அண்ணன் இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொள்ளுப்பிட்டியில் நான் வேலை பார்க்கும் காப்புறுதி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. பேசியவர் அவருடைய மனைவி மேரி அக்கா. "சிவா தம்பி, அவரு போயிட்டாரு. வெளிய போறதுக்கு ஷூ போடக் குனிஞ்சாரு, அப்படியே சரிஞ்சிட்டாரு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னார். "அந்தப் பொம்பள வெள்ளவத்தை பஸ் ஹோல்ட்ல காத்துக்கிட்டு நிப்பா. நீங்க போய்ச் சொல்லிடுங்க தம்பி. மழை வேற வருது." கணவரின் உடல் இன்னும் குளிராத நேரத்தில், வேறொருத்தி மழையில் நனைவாளே என்று யோசிக்க அந்த வீட்டு மனிதர்களால்தான் முடியும்.

த்ரீவீலர் பிடித்து வெள்ளவத்தைக்குப் போனேன். சந்தைக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பிடத்தில் பரமேஸ் அக்கா நின்றார். ஒரு கையில் குடை, மறுகை மார்போடு அணைத்த கறுப்புக் கைப்பை. என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வர வேண்டியவர் நான் அல்ல. விஷயத்தைச் சொன்னேன். அவர் அழவில்லை. காலி நகருக்குப் போகும் அந்தக் காலி வீதியின் பஸ்களைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "அப்ப இண்டைக்குப் போகேலாதோ?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான், இந்த மனுசிக்குப் பயணம் தவறிப்போன கவலை. அவரை லொட்ஜில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மென்பந்துக் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள். மறுபாதி அந்தப் பிள்ளைகளுக்காக எல்லைக் கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்திய பெற்றோர். லூயிஸ் அண்ணனை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் அவரைக் காணாத யாராவது இதைக் கையில் எடுத்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். துறைமுகத்தில் இறங்கும் சரக்கைக் கணக்கெடுக்கும் டாலி கிளார்க். ஞாயிறு காலைப் பூசை முடிந்தால் வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, விளிம்பு தளர்ந்த வெள்ளைத் துணித் தொப்பி. நாங்கள் நடத்திய பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டிகளுக்கு அவர்தான் அம்பயர். நான் லெக் அம்பயர். கடலோரத்தில் நாலு பக்கமும் மதில் வைத்த அந்தச் சின்ன மைதானத்தில் ஒரே முனையிலிருந்துதான் பந்து வீசுவார்கள் என்பதால், ஆட்டம் முழுவதும் தீர்ப்பு அவருடையது. ரன் அவுட் ஒன்றிரண்டைத் தவிர எனக்கு நின்று வெயில் காய்வதுதான் வேலை.

பிள்ளைகளின் ஆட்டத்தில் பிள்ளைகளால் ஒரு கரைச்சலும் இல்லை. கரைச்சல் எல்லாம் கோட்டுக்கு வெளியே. அலுவலகத்தில் மேலாளருக்கு முன்னால் வாயே திறக்காத மனிதர்கள் மகன் அவுட் ஆனதும் அம்பயரின் தாய் தகப்பனை இழுப்பார்கள். கோவிலில் கண்மூடி நிற்கிற அம்மாமார் எதிர்அணிப் பிள்ளையைப் பார்த்து "விழு, விழு" என்பார்கள். அண்ணன் இதையெல்லாம் ஒரு புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டு நிற்பார். "வெளியில நிக்கிறவங்களுக்கு வாய் இருக்கு. எனக்கு விரல் இருக்கு. ரெண்டும் வேற வேற வேல சிவா" என்பார். "புள்ள அவுட் ஆனா அஞ்சு நிமிஷம் அழுதிட்டு ஐஸ் பெக்கட் கேப்பான். அப்பன்தான் ஒரு கிழமைக்கு அவுட்" என்பதும் அவர் சொன்னதுதான்.

ஆனால் பொறுமைக்கு ஒரு கோடு இருந்தது. யாராவது ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி ஏசினாலோ, கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாலோ அண்ணன் ஆட்டத்தை நிறுத்துவார். தொப்பியைக் கழற்றி அந்த ஆளைக் காட்டுவார். பிறகு அதே தொப்பியால் குறுகிய ஒழுங்கைத் தெருப் பக்கத்து இரும்புக் கேட்டைக் காட்டுவார். கேட்டுக்கு வெளியே இரண்டு ஓவர். அதுதான் தண்டனை. ஆள் வெளியே போய், கேட் சாத்தப்பட்ட பிறகுதான் அடுத்த பந்து. இரண்டு ஓவர் முடிந்ததும் அண்ணனே கேட்டைத் திறக்கச் சொல்லி, தொப்பியைத் தலைக்கு மேலே தூக்கி இரண்டு தரம் ஆட்டுவார். வரலாம் என்று அர்த்தம். ஏன் இரண்டு ஓவர் என்று ஒருமுறை கேட்டேன். "மொத ஓவர்ல கோபம் போகும். ரெண்டாவது ஓவர்ல வெக்கம் வரும். மூணாவது ஓவருக்கு விட்டா திரும்பவும் கோபம் வந்திடும்" என்றார்.

அந்தத் தண்டனைக்குத் தப்பியவர் எவருமில்லை. கொட்டாஞ்சேனை நகைக்கடை முதலாளி ஒருவர், தடித்த சங்கிலியும் இரண்டு கூட்டாளிகளுமாக வந்து நின்று, மகனுக்கு அவுட் கொடுத்ததும் கோட்டைத் தாண்டி ஆடுகளம்வரை வந்துவிட்டார். "நான் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று கத்தினார். அண்ணன் தொப்பியைக் கழற்றினார். "தெரியும் ஐயா. மூணாவதா ஆட வந்த பையனோட அப்பா. ரெண்டு ஓவர்" என்றார். மைதானம் முழுக்கச் சிரித்தது. முதலாளியின் மகன்தான் முதலில் சிரித்தான். மனிதர் போனார். வெளியே ஒழுங்கை முனைக் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டுத் தொப்பி ஆடியதும் நல்ல பிள்ளையாக உள்ளே வந்தார். அடுத்த வருடம் வெற்றிக் கிண்ணம் அவருடைய உபயம்.

ஏன் எல்லாரும் அடங்கிப் போனார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒருநாள் அரையிறுதியில் பந்து மட்டையில் படவே இல்லை, அண்ணன் கேட்ச் என்று விரலைத் தூக்கிவிட்டார். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் போனான். ஓவர் முடிவில் பந்தைப் பிடித்த விக்கெட் காப்பாளனே வந்து, "அங்கிள், அது அவன்ட சேட்டிலதான் பட்டது" என்றான். அண்ணன் அவுட் ஆனவனைத் திரும்பக் கூப்பிட்டார். பிறகு என் பக்கம் வந்து, "சிவா, ரெண்டு ஓவர் நீ பாரு" என்று சொல்லிவிட்டுத் தானே கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றார். வெயில் கொளுத்துகிறது. மதிலுக்கு மேலே அந்த வெள்ளைத் தொப்பி மட்டும் தெரிகிறது. இரண்டு ஓவர் முடிந்ததும் கை தட்டி அவரை உள்ளே அழைத்தவர்கள், அதுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்த அதே பெற்றோர்தான்.

அந்தக் கேட்டுக்கு வெளியே அதிக தடவை நின்ற சாதனை பரமேஸ் அக்காவுக்குரியது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே மகன் நிரூபனைக் கூட்டிக்கொண்டு வந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தார். கணவர் கனடாவில். விசா வரும், வரும் என்று காத்திருந்த குடும்பங்களில் ஒன்று. அங்கே இருந்தால் பிள்ளையை யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில் இங்கே கொண்டுவந்தவர். லொட்ஜ் அறையில் நாள் முழுக்க அடைந்து கிடந்த பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மைதானம்தான் மூச்சு. இடதுகை ஆட்டக்காரன். பந்தைக் கடல் பக்கத்து மதிலுக்கு மேலால் தூக்கி அடித்துவிட்டு, தானே ஓடிப்போய் ரயில் பாதையில் தேடி எடுத்துக்கொண்டு வருவான். அவன் ஆடும்போது அக்காவின் குரல் காலி வீதிவரை கேட்கும். "அம்பயர், கண்ணாடியை மாத்துங்கோ!" "நோ போல் தெரியேல்லையோ உங்களுக்கு? மாதா கோயிலுக்குப் போய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு வாங்கோ!" அண்ணன் தொப்பியைக் கழற்றுவார். அக்கா சிரித்துக்கொண்டே, திட்டிக்கொண்டே வெளியே போவார். நிரூபன் மட்டையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பான். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் நன்றாகப் பிடித்திருந்தது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. கொழும்பில் எங்கள் பிள்ளைகள் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் இல்லாமல் படி இறங்க முடியாத யுத்த காலம். ஆடும்போது அட்டை காற்சட்டைப் பையிலிருந்து விழுந்துவிடும் என்று பிள்ளைகள் அதை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். அம்மாமார் கைப்பையில் வைத்திருப்பார்கள். மதிலோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அம்மாமாரின் மடியில் இருந்த கைப்பைகளில்தான் இரண்டு அணிகளின் உயிரும் இருந்தது. அதை நாங்கள் யாரும் அப்படி யோசித்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. நிரூபன் ஆடிக்கொண்டிருந்தான். தோளுக்கு மேலே வந்த பந்து ஒன்றுக்கு அண்ணன் நோ போல் கொடுக்கவில்லை. அக்கா கோட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார். "பிள்ளையின்ரை மூஞ்சை உடைஞ்சா நீங்களோ கட்டித் தருவீங்கள்?" என்றார். அண்ணன் தொப்பியால் கேட்டைக் காட்டினார். அக்கா வழக்கம்போலக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். கேட் சாத்தப்பட்டது. முதல் ஓவர் முடிந்தது.

இரண்டாவது ஓவரில், கடல் பக்கத்துச் சின்னக் கதவால் நாலு பேர் உள்ளே வந்தார்கள். சாதாரண உடை. யார் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் இதில் எழுத முடியாது. பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னார்கள், அட்டை கேட்டார்கள். அம்மாமார் ஓடி ஓடி வந்து கொடுத்தார்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். நிரூபனிடம் வந்தபோது அவன் கேட்டைக் காட்டி, "அம்மாட்டை இருக்கு" என்றான். அண்ணன் சிங்களத்தில், "மாத்தயா, பொட்டக் இன்ன. அம்மா எலியே இன்னவா" என்றார். கொஞ்சம் பொறுங்கள், தாய் வெளியேதான் நிற்கிறா என்று. சொல்லிவிட்டு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கேட்டைத் திறந்தால் அக்கா அங்கே இல்லை. இரண்டு ஓவர் முடிய நேரம் இருக்கிறதே என்று, வெயிலில் ஆடும் மகனுக்குச் சோடா வாங்க ஒழுங்கை முனைக் கடைக்குப் போயிருந்தார். அண்ணன் கடைவரை ஓடினார். சோடாப் போத்தலும் கைப்பையுமாக அக்கா அவருக்கு முன்னால் ஓடி வந்தார். உள்ளே வந்தபோது சின்னக் கதவு திறந்தபடி கிடந்தது. மதிலுக்கு அப்பால், ரயில் பாதையோரத் தெருவில் ஒரு வாகனம் கிளம்பும் சத்தம். நாங்கள் கத்தியதும் மறித்ததும் எதுவும் எடுபடவில்லை. ஆடுகளத்தில் அவனுடைய மட்டை கிடந்தது. அக்கா அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவை நோக்கி ஓடினார். "இஞ்சை இருக்கு! இஞ்சை இருக்கு!" அந்தக் குரலை அங்கே இருந்த எவரும் இந்தப் பிறவியில் மறக்கப் போவதில்லை.

அன்று மாலை பொலிஸ் நிலைய வாசலில் வைத்து அக்கா அண்ணனிடம் ஒரேயொரு வார்த்தை சொன்னார். "நீங்கள்தானே என்னை வெளியிலை விட்டனீங்கள்." அதற்குப் பிறகு அதை அவர் திரும்பச் சொன்னதே இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் பிள்ள" என்றார். கொட்டாஞ்சேனைக்காரர் 'ஆமா' என்பார், ஓம் சொல்லமாட்டார். அன்றைக்கு அவருடைய வாயில் அக்காவின் பாஷை வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து தேடல் தொடங்கியது. துறைமுகத்தில் அவருக்குச் செவ்வாய் ஓய்வு. காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தையில் இறங்குவார். அக்கா தரிப்பிடத்தில் நிற்பார். இரண்டு பேருமாக ஏதாவது ஓர் அலுவலகத்துக்கோ, முகாமுக்கோ, சிறைச்சாலைக்கோ போவார்கள். வெளியூர்களுக்கும் போனார்கள். அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. அண்ணன்தான் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதைப்பார். ஒரு முழு மைதானத்தையும் அந்தத் தொப்பியால் அடக்கிய மனிதர், வாசல் காவலாளிகளிடமெல்லாம் அதை மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஒருநாள் நானும் கூடப் போனேன். வரிசையில் நின்ற நேரம் முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மத்தியானம் அண்ணன் மீன் வைத்த மாலுபாண் வாங்கி வந்து கொடுத்தார். அக்கா பாதியைப் பிய்த்து அவரிடமே நீட்டினார். இப்படியே வருடங்கள் போயின. கணவர் கனடாவிலிருந்து வரச் சொல்லிக் கேட்டும் அக்கா போகவில்லை.

போட்டிகள் கொஞ்ச மாதம் நின்று, பிறகு மெல்லத் தொடங்கின. அண்ணன் வந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை. சனங்கள் சும்மா விடுவார்களா? ஒரு மாதத்தில் கண்டுகொண்டார்கள். ஏச்சு ஏறியது. தண்ணீர்ப் போத்தல் பறந்தது. ஒரு தகப்பன் கழற்றி எறிந்த செருப்பு அண்ணனின் தோளில் பட்டது. அண்ணன் அதைக் குனிந்து எடுத்து, கோட்டோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து அடுத்த பந்துக்கு நின்றார். லூயிஸுக்கு வயசாகிவிட்டது, இனி அவரால் முடியாது என்று குழுவிலே கதை வந்தது. அப்படிக் கதைத்தவர்களும் இதை வாசிப்பார்கள், வாசிக்கட்டும். நான் பொறுக்க முடியாமல், "ஏன் அண்ணன், இவனுகளைத் தூக்கி வெளியிலை போடாமல் ஏன் வாங்கிக்கொண்டு நிக்கிறீங்கள்?" என்று கேட்டேன். "கத்தட்டும் சிவா. கத்துறவங்க எல்லாம் உள்ள இருக்கட்டும். இனி ஒருத்தரையும் அவங்க புள்ளகிட்ட இருந்து நான் பிரிக்க மாட்டேன்" என்றார்.

அக்காவும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருவார். ஆனால் உள்ளே வரமாட்டார். கேட்டுக்கு வெளியே, அன்றைக்கு அனுப்பப்பட்ட அதே இடத்தில், கைப்பையோடு நிற்பார். பிள்ளையை அவர்கள் விட்டுவிட்டால் அவன் லொட்ஜுக்கு வரமாட்டான், நேரே மைதானத்துக்குத்தான் வருவான் என்பது அவருடைய நம்பிக்கை. இரண்டாவது ஓவர் முடிந்ததும் அண்ணன் கேட்டைத் திறக்கச் சொல்வார். தொப்பியைத் தூக்கி இரண்டு தரம் ஆட்டுவார். அக்கா பார்த்துக்கொண்டே நிற்பார், வரமாட்டார். அண்ணன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்குவார். புதிதாக வந்தவர்கள் இது என்ன சடங்கு என்று என்னைக் கேட்பார்கள். நான் பேசாமல் இருந்துவிடுவேன். இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஆட்டம் முடிந்து ஒழுங்கை முனைக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். கிளாசை மேசையில் வைத்துவிட்டுத் திடீரென்று கேட்டார். "சிவா, நீ லெக்ல நின்னே. உண்மையச் சொல்லு. அந்தம்மாவ அன்னைக்கி வெளிய அனுப்பினது சரியா பிழையா?" கோட்டைத் தாண்டினா, அனுப்பினீங்கள், நீங்கள் வைத்த சட்டம் அதுதானே என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நீ சொல்லி ஒண்ணும் ஆகாது. அவ சொல்லணும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அந்த மனிதர் எத்தனை செவ்வாய்க்கிழமைகள் காத்திருந்தார்!

மரண வீட்டுக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். ஏசியவர்கள், செருப்பு எறிந்தவர், நகைக்கடை முதலாளி, எல்லாரும். பெட்டியின் கால்மாட்டில் அந்தத் தொப்பியை வைத்திருந்தார்கள். உள்ளே செபமாலை நடந்துகொண்டிருந்தபோது யாரோ வந்து, பரமேஸ் அக்கா வெளியே ஒழுங்கையில் மழையில் நிற்கிறார், கூப்பிட்டாலும் வருகிறாரில்லை என்றார்கள். நான் போனேன். "உள்ளை வாங்கோ அக்கா, பெட்டி மூடப் போகினம்" என்றேன். "அவர் கூப்பிடேல்லையே தம்பி" என்றார். எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது. செத்தவர் எப்படி அம்மா கூப்பிடுவார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் மேரி அக்கா வந்துவிட்டார். பரமேஸ் அக்கா சொன்னதை நான் சொல்லக் கேட்டதும் நேரே உள்ளே போனார். கால்மாட்டிலிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு வந்தார். அத்தனை சனத்துக்கு முன்னால், கறுப்புச் சீலையில், கணவரின் தொப்பியைத் தலைக்கு மேலே தூக்கி இரண்டு தரம் ஆட்டினார்.

அக்கா உள்ளே வந்தார்.

பெட்டியருகில் நின்று அண்ணனின் முகத்தைப் பார்த்தார். மெல்லச் சொன்னால் அவருக்குக் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, எல்லைக் கோட்டில் நின்று கத்துகிற அதே குரலில் சொன்னார். "உங்களிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை! கோட்டைத் தாண்டினது நான்தான்! நீங்கள் செய்தது சரி!" செபமாலை நின்றுவிட்டது. மேரி அக்கா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் தனியே கூட்டிப்போய்க் கேட்டேன். இடம் பொருள் பார்க்காத வாய் எனக்கு. "இதை அந்த மனிசன் உயிரோடை இருக்கேக்கை ஒரு தரம் சொல்லியிருக்கக் கூடாதோ அக்கா? இதுக்காகத்தானே செத்துப் பிழைச்சுக்கொண்டு இருந்தவர்?" அக்கா கைப்பையை இறுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

"எத்தினை நாள் வாய்வரை வந்தது தெரியுமோ தம்பி. சொன்னா அவருக்கு ஆறிடும். ஆறினா வீட்டிலை இருந்திடுவார். பிறகு செவ்வாய்க்கிழமை என்னோடை ஆர் வாறது? எனக்குப் பாஷையும் தெரியாது. என்ரை பிள்ளையைத் தேட எனக்கு ஆர் இருக்கினம்?"

அன்றைக்குத் தரிப்பிடத்தில் அவர் கேட்ட கேள்வியின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பெண்மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர் அண்ணனைத் தண்டிக்கவில்லை. மூழ்குகிறவர் போலப் பிடித்த கையை விடாமல் இருந்தார், அவ்வளவுதான். பின்னொரு நாள் இதை மேரி அக்காவிடம் சொன்னேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார். "பைத்தியக்காரி. அவ சொல்லியிருந்தாலும் அவரு போயிருப்பாரு தம்பி. அந்தப் பையன் உள்ள வர்ற வரைக்கும் அவருக்கு அந்த ஓவர் முடியல" என்றார். அண்ணனும் பரமேஸ் அக்காவும் அதை ஒருவருக்கொருவர் சொல்லாமலே காலம் போய்விட்டது. ஒருவர் மன்னிப்பைப் பூட்டி வைத்திருந்தார், மற்றவர் பூட்டு இல்லாத வாசலில் காத்துக்கொண்டு நின்றார். என் அண்ணன் சமாதானம் இல்லாமல் போனார். அதை எந்த வார்த்தையாலும் என்னால் இனிப்பாக்க முடியாது.

அடக்கம் முடிந்து வெளிக்கிடும்போது மேரி அக்கா தொப்பியை என்னிடம் தந்தார். அதன் உள்விளிம்பில் அவருடைய வியர்வைக் கறை இருக்கிறது. கழுவவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய முனையில் நான் நிற்கிறேன். கத்துகிறவர்கள் கத்துகிறார்கள், ஒருவரையும் நான் வெளியே அனுப்பவில்லை. இரண்டாவது ஓவர் முடிந்ததும் கேட்டைத் திறக்கச் சொல்லித் தொப்பியை ஆட்டுகிறேன். அக்கா வரவில்லை. வரவும் வேண்டாம், அங்கேயே நிற்கட்டும். நிரூபன் வந்தால் முதலில் காண வேண்டியவர் அவர்தானே.

செவ்வாய்க்கிழமைகளுக்கு அலுவலகத்தில் அரைநாள் லீவு கேட்டிருக்கிறேன். முதல் செவ்வாய் தரிப்பிடத்துக்குப் போனபோது அக்கா என்னைப் பார்த்து, "நீங்கள் ஏன் தம்பி? உங்களுக்கு இதிலை என்ன கடன்?" என்றார். அண்ணனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த நோவு என்னிடம் இல்லை. அது இல்லாமல் எத்தனை செவ்வாய் நான் தாக்குப்பிடிப்பேன் என்பதும் எனக்குத் தெரியாது. பஸ் வந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் ஏறியதும் நானும் ஏறினேன்.